யாரைக் கேட்டு இரத்தம் எடுப்பது?

போன வருடம், கோத்தா திங்கி ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடி மக்களின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடந்தது இது. நான் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்; இங்கே தாதியை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். பூர்வகுடிப் பெண்களின் இரத்தச்சோகை பற்றி ஆராய்ச்சி செய்கிறோம், இரத்தம் எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு குழு கூப்பிட்டது. நான் இருக்கும் ஸ்கூடாயிலிருந்து அவர்களுடைய வேனிலேயே போனேன்.

கம்பத்துத் தலைவர் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டாராம். மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் "எடுக்கலாமா?" என்று மலாயில் கேட்டேன். தலையாட்டினார்கள், எடுத்தேன்.

பிறகு ஓர் இளம் கர்ப்பிணி வந்து உட்கார்ந்தாள். கேட்டேன். தலையாட்டவில்லை. மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு துணி முனையை முறுக்கினாள்.

"எடுங்க மிஸ்ஸி, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் தலைவர் மலாயில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரத்தம் இவளுடையது, சம்மதம் அவருடையதா? ஊசியை வைத்துவிட்டேன்.

குழுவின் டாக்டர் நம் தமிழ்ப் பையன்தான். காதருகில் வந்து, "தலைவர் ஓகே சொல்லிட்டாரு லா மிஸ்ஸி. சீக்கிரம் முடிங்க, மழை வருது" என்றார்.

"ஓகே சொன்னவரு கையை நீட்டச் சொல்லுங்க, அவருக்கே குத்துறேன்" என்றேன். தலைவருக்கும் புரியட்டும் என்று அதையே மலாயிலும் சொன்னேன். யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் எழுந்தார். "இன்னைக்குப் போதும். இனிமே யாரும் குடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெண்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

டாக்டர் என்னைத் திட்டினார். எனக்கோ பெருமையாக இருந்தது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அந்தக் கர்ப்பிணி பின்பக்கமாக வந்து நின்றாள். இப்போது மலாயில் நன்றாகப் பேசினாள்.

"எனக்காகச் சண்ட போடச் சொல்லி நான் கேட்டேனா? அவரு என் மாமனாரு. அவரு இருக்கிற இடத்துல நான் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்க பழக்கம். போன பிள்ளை வயித்துலயே போயிருச்சு. இந்தத் தடவை இரத்தம் சரியா இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். எடுங்க."

கையை நீட்டினாள். நான் பெட்டியைத் திறந்தேன். டாக்டர் மூடினார்.

"தலைவர் வேணாம்னு சொன்னதுக்கப்புறம் இந்தக் கம்பத்துல ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது மிஸ்ஸி."

"அவளே கேக்குறா, உங்க காது என்ன செவிடா?"

"தன்னாலதான் மாமனாரு கோபிச்சுக்கிட்டாருன்னு பயந்து, அதைச் சரிக்கட்ட வந்திருந்தா? நீங்கதானே அங்க அவ்ளோ பெரிசா பேசுனீங்க?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயமா, உண்மையிலேயே வேண்டும் என்கிறாளா? இத்தனை வருடம் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்து ஊசி போட்டவள் நான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளினிக்குக்குப் போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன்.

"அவரோட மோட்டார் சைக்கிள்லதான் போகணும். இப்ப எப்படிக் கேக்குறது?" என்றாள். கையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் எனக்குத் தெரிந்த தாதியைக் கூப்பிட்டு, அப்படி ஒரு பெண் வந்தாளா என்று விசாரித்தேன். "பேரு என்னக்கா?" என்று கேட்டாள். நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

பழக்கத்தை மதிப்பதா, அவள் வாயால் கேட்பதா? நாலு பேர் இல்லாத இடத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டிருக்கலாம் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அங்கே அவள் சொல்லியிருக்கக்கூடிய 'சரி'யை நான் நம்பியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்தாயா கெட்டது செய்தாயா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் பதில் என்னிடம் இல்லை.