ஆயுத பூஜைக்குச் சுத்தமான லேப்டாப்

"தம்பி, ஹீட்டர் பத்தவே மாட்டேங்குது. ஈர நெல்லுக்குள்ள கைய விட்டா புழுங்கிச் சுடுது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க!"

ஆயுத பூஜை முடிந்த கையோடு, பூதலூரிலிருந்து ராஜேஸ்வரி அக்காவின் போன்.

குறுவை அறுவடையில் மழை. நனைந்த நெல் கொட்டகையில் குவிந்து கிடக்கிறது. உடனே காயவைக்காவிட்டால் முளைத்துவிடும். அக்காவிடம் ஹீட்டர் வைத்த டிரையர் இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருள் தஞ்சாவூரில் எங்கள் ஆபீஸ் செய்தது. முந்தின நாள் இடியில் டிரையரின் கம்ப்யூட்டர் போய்விட்டது. வேறொன்று வைத்து, அதே மென்பொருளை எழுதிய கோடிலிருந்து மறுபடி உருவாக்கி, அதாவது பில்ட் செய்து, போட்டோம். கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்புறம் ஏன் ஓடவில்லை?

மென்பொருளை யாரும் முழுக்கத் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். எந்த வெர்ஷன் என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை. 'எது புதுசோ அதை எடு' என்று விட்டிருந்தோம். இப்போது வந்த புதுசுக்கு, டிரையரின் பழைய வெப்ப சென்சாரைப் படிக்கத் தெரியவில்லை. வெப்பம் தெரியாமல் ஹீட்டர் எரியாது.

பழைய வெர்ஷன் எது? முன்பு பில்ட் செய்த லேப்டாப்பில் இருக்குமே!

"கார்த்தி, அந்தப் பழைய லேப்டாப்பை எடுப்பா" என்றேன் ஆபீஸ் ஜூனியரிடம்.

"சார்... பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொன்னீங்கல்ல? உள்ள இருந்ததெல்லாம் அழிச்சு, ஃபார்மட் பண்ணிப் பொட்டு வச்சுட்டேன்."

வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது? சொன்னவன் நான்தானே!

குத்துமதிப்பாக ஒரு வெர்ஷனைப் போட்டோம். ஊஹூம். இன்னொன்று... அதுவும் இல்லை. வெளியே மழை வலுத்தது. அக்காவின் பெயர் போனில் மின்னிக்கொண்டே இருந்தது.

சட்டென்று ஜமால் பாய் ஞாபகம். பட்டுக்கோட்டையில் கொப்பரை வியாபாரி. அவருடைய டிரையரிலும் இதே மென்பொருள்தான், இதே சென்சார்தான்.

"பாய், உங்க கம்ப்யூட்டரைப் பூஜைக்குச் சுத்தம் பண்ணாங்களா?"

"வேலை பாக்குறவங்க வெளியில சந்தனம் தடவுனாங்க. உள்ள ஒண்ணும் தொடலைங்க. ஏன், என்னாச்சு?"

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது! இங்கிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தோம். ஒவ்வொரு லைப்ரரியின் வெர்ஷனும் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கோடோடு சேர்த்துக் குறித்து, இனி இதுதான், வேறெதுவும் வரக்கூடாது என்று பூட்டிவிட்டு பில்ட் செய்தோம்.

பூதலூரில் ஹீட்டர் எரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை. மேலே இருந்தது தப்பித்தது. அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மறுபடி இடி விழுந்து, அந்த பாய் கம்ப்யூட்டரும் போயிருச்சுன்னா... இது ஓடுமா தம்பி?"

"சோதிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

மறுநாள் ஒன்றுமே இல்லாத லேப்டாப்பில், வெர்ஷன் குறித்த கோடு மட்டும் இறக்கி, முதலிலிருந்து பில்ட் செய்து அக்காவிடம் கொண்டுபோனோம். ஓடியது. எந்த லேப்டாப் அழிந்தாலும் இனி பழைய வெர்ஷன் கிடைத்துவிடும்.

முளைத்த நெல்லுக்குத்தான் பழைய வெர்ஷன் கிடையாது.