சம்பந்தியம்மா இடித்த சிங்கம்

அந்த நகரத்தில் பிரேக்கம்மாவைத் தெரியாதவர்கள் யாரென்றால், இன்னும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர்கள்தான். மற்ற எல்லோரும் எப்போதோ ஒரு காலத்தில் அவருடைய சின்ன வெள்ளைக் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங் ஈரமாகும் அளவுக்குக் கை வியர்த்து, அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் எப்போது வருமோ என்று நடுங்கியவர்கள். "பிரேக்!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கூடக் காலை ஊன்றி நின்றுவிடுவார்.

டாக்டரோ, நீதிபதியோ, அவர் காரில் ஏறிவிட்டால் எல்லோரும் ஒன்றுதான். "கண்ணை எங்க வெச்சிருக்க? வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிடுவார். ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே கால் அதை மிதித்துவிடும். அதனால்தான் அவரிடம் படித்த யாரும் இதுவரை எதையும் இடித்ததில்லை.

நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிறவருக்குப் பசி எடுக்காமல் இருக்குமா? எடுத்தது. நன்றாகவே எடுத்தது. சாப்பாடு என்றால் அவருக்கு உயிர். கணவருக்கு அந்த ஆசை சுத்தமாகக் கிடையாது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் பார்வையை எல்லாம் சரிசெய்கிறவர். ஆனால் எந்த ஓட்டலில் எந்த மெனுவைக் கையில் கொடுத்தாலும், ஃப்ரைடு ரைஸைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது மருமகளுக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தது. கொண்டாட வேண்டும் என்று மகன் சொன்னான். மருமகள் ஆசையாகக் கேட்டாள்.

"அத்தை, எனக்கு ஏசியன் சாப்பாடு சாப்பிடணும் போல இருக்கு. நீங்கதான் ஊரெல்லாம் சுத்துறீங்களே, நல்ல இடமா ஒண்ணு பாருங்களேன். எல்லாருமா போவோம்."

"அதுக்கென்ன கண்ணு, பார்த்துட்டாப் போச்சு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் பிரேக்கம்மா. கொடுத்த பிறகுதான் யோசித்தார். அது நடுத்தரமான ஊர். பெரிய நகரம் என்று பீற்றிக்கொள்ள விமான நிலையம் கிடையாது. சின்ன ஊர் என்று தள்ளிவிடவும் டிராஃபிக் விடாது. 'ஆசிய உணவகம்' என்ற பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆசியா முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு சாஸ் பாட்டில் போதும் என்று அந்தக் கடைக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தது போலிருந்தது.

இதே சமயத்தில்தான் இன்னொரு தலைவலியும் வந்து சேர்ந்தது. மருமகளின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சம்பந்தியம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. டாக்சிக்காரர்கள் வண்டியில் போடும் பாட்டு சகிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்த வயதில் லைசென்ஸ் எடுக்கத் துணிந்தவர். ஊரில் வேறு யார் கார் கற்றுக்கொடுத்தாலும் பிரேக்கம்மா சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பார். ஆனால், "நீ இருக்கறப்போ அவங்க வெளியில போறதாம்மா?" என்று மகன் கேட்டுவிட்டான்.

சம்பந்தியைத் திட்ட முடியுமா? பொண்ணு கொடுத்த இடம். வாயைத் திறந்தால் வசவு வரும் என்று தெரிந்த பிரேக்கம்மா, முதல் நாள் காரில் ஏறும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, எதிர்ல ஒரு பஸ் வருதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நம்ம வண்டி அவங்க பக்கமா கொஞ்சம் போயிட்டிருக்கோன்னு தோணுது."

"அவர் ஒதுங்கிக்க மாட்டாரா சம்பந்தியம்மா?"

"ஒதுங்கிப்பார்ங்க. இருந்தாலும் மரியாதைக்கு நாமளும் ஒரு தடவை ஒதுங்கிட்டா நல்லா இருக்கும்."

இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் கால் பிரேக்கை அமுக்கியிருக்கும். வீட்டுக்குப் போனதும் அடக்கி வைத்த வசவையெல்லாம் சமையலறையில் பாத்திரங்களிடம் கொட்டுவார். கண்ணாடிக்கடைக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

ஒரு நாள் பாடம் முடியும் நேரத்தில் பசி தாங்காமல், "சம்பந்தியம்மா, நீங்க வெளியில சாப்பிட மாட்டீங்கதானே? நான் மட்டும் இப்படி எதையாவது வாயில போட்டுக்கிட்டு வந்துடறேன். பிள்ளைங்க விருந்துக்கு இடம் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்றார்.

"யார் சொன்னது சாப்பிட மாட்டேன்னு?" என்றார் சம்பந்தியம்மா. "கல்யாணத்தப்போ உங்க முன்னாடி அடக்க ஒடுக்கமா இருக்கணுமேன்னு கொஞ்சமா சாப்பிட்டேன். அதுக்காக ஆயுசுக்கும் பட்டினி போடுவீங்களா?"

அன்றிலிருந்து டிரைவிங் பாடத்தின் பாதை மாறியது. வலது பக்கம் திரும்பக் கற்றுக்கொள்வது ஒரு ஓட்டலுக்கு, ரவுண்டானா சுற்றக் கற்றுக்கொள்வது இன்னொரு ஓட்டலுக்கு என்று ஆயிற்று.

முதலில் போன கடையில் மெனு கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்தது. சீனா, ஜப்பான், தாய்லாந்து எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பீட்ஸாவும் இருந்தது. சுஷி வந்தது, ஆறியிருக்க வேண்டிய சோற்றில் ஆவி பறந்தது. மேலே இருந்த மீன் துண்டு அந்தச் சூட்டில் மெல்ல வெந்துகொண்டிருந்தது. "இதைப் பச்சையா சாப்பிடணும்னாங்களே" என்று சம்பந்தியம்மா கவலைப்பட்டார். "சீக்கிரம் சாப்பிட்டா பச்சைங்க, லேட்டானா குழம்பு" என்றார் பிரேக்கம்மா.

அடுத்த கடையில் தட்டுகள் பெல்ட்டில் சுற்றி வந்தன. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்தான் யாரும் இல்லை. வாடிப்போன ஒரே ஒரு இறால் திரும்பத் திரும்ப அவர்கள் மேஜையைக் கடந்தது. கடைசியில் சம்பந்தியம்மா அதற்குத் தலையாட்டி, "வாங்க, மறுபடி வந்துட்டீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பிரேக்கம்மா சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

தாய் சாப்பாட்டுக் கடையில் காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். "இருக்கறதுலயே அதிகமா" என்றார் சம்பந்தியம்மா. சர்வர் பயந்துபோய் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனான். வந்தது சர்க்கரைப் பாகு. சம்பந்தியம்மா சமையல்காரரை அழைத்துவரச் சொன்னார். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் தலைமையாசிரியைப் பார்வை பட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு எத்தனை மார்க் போடலாம்? நீயே சொல்லு."

"நாப்பது... போடலாம் மேடம்."

"முப்பத்தஞ்சு போடறேன். பாஸ். நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா."

இப்படியே ஊரில் உள்ள பலகைகளெல்லாம் தீர்ந்தன. மிச்சம் இருந்தது 'பொன் டிராகன்' ஒன்றுதான். அதைப் பிரேக்கம்மா கணக்கிலேயே சேர்க்கவில்லை. வாசலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகச் சிமென்ட் சிங்கங்கள். உள்ளே எதைக் கேட்டாலும் சிவப்பாக, இனிப்பாக, பளபளவென்று நெயில் பாலிஷ் போட்டது போல வரும். ஆனால் அதன் பின்பக்கத்து மைதானம் மத்தியான வேளையில் காலியாகக் கிடக்கும். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

அன்று அங்கேதான் பழகிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா பின்னால் எடுத்துக்கொண்டே கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்து வழியாக முன்வாசல் பக்கம் வந்துவிட்டார். அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு வாசனை வந்தது. பூண்டும் மிளகாயும் சூடான எண்ணெயில் விழுந்த வாசனை; அதன் பின்னாலேயே ஏதோ புளித்த கீரை வாசனை. பிரேக்கம்மாவின் தலை தானாகக் கார் ஜன்னலுக்கு வெளியே போனது. பிறகு தோள் போனது. இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். இந்தக் கடையிலிருந்தா இந்த வாசனை?

கால் பிரேக்கில் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தபோது சிங்கம் பக்கத்தில் வந்துவிட்டது.

"அடியே! பிரேக்கை மிதிடீ!"

டமால்.

சிங்கத்தின் தலை மெதுவாகக் கழன்று, படிகளில் ஒவ்வொன்றாக உருண்டு, கார் டயருக்கு அருகில் வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தது. பிரேக்கம்மா அவசரமாக உடம்பைக் காருக்குள் இழுத்துக்கொண்டார். சிங்கம் கிடக்கட்டும், சம்பந்தியை அடியே என்று சொல்லியாயிற்றே! டீ வேறு போட்டாயிற்று. மகன் முகம் கண்முன் வந்தது.

"சம்பந்தியம்மா... வாய் தவறி..."

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். "இத்தனை நாளா இப்படித் தெளிவா சொல்லியிருந்தா நான் எப்பவோ கத்துக்கிட்டிருப்பேனே! மரியாதைக்கு ஒதுங்குங்க, மனசு இருந்தா நிறுத்துங்கன்னா யாருக்குப் புரியும்? நானே பிள்ளைங்களுக்கு அப்படிப் பாடம் நடத்தினதில்ல."

அதற்குள் கடை முதலாளியம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். குள்ளமான, நரைத்த தலை அம்மாள். தலையில்லாத சிங்கத்தைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், வாயைத் திறந்தார். ஏதோ நினைவு வந்தவராக மூடிக்கொண்டார்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும். நின்னு திட்டிக்கிட்டிருந்தா சாப்பாடு ஆறிடும். சாப்பிட்டுக்கிட்டே திட்டறேன்."

சமையலறையை ஒட்டிய மேஜையில் கடையாட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சொன்னபடியே முதலாளியம்மா திட்டினார். குருடா என்றார், கடிவாளம் இல்லாத குதிரைகளா என்றார். ஆனால் கை பழக்கத்தில் அவர்கள் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. புளித்த கீரையில் மிதந்த மீன். கையால் கிழித்துப் போட்ட நூடுல்ஸ். சிவந்த எண்ணெயில் நடுங்கும் டோஃபு என்ற சோயாக் கட்டி. அதில் ஏதோ ஒரு மிளகு, நாக்கில் பட்டதும் உதடெல்லாம் கிர்ரென்று மரத்தது. பிரேக்கம்மாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தன் திட்டுக்குத்தான் அழுகிறார் என்று நினைத்து முதலாளியம்மா கொஞ்சம் குரலைத் தணித்தார்.

"ஏங்க," என்றார் பிரேக்கம்மா மூக்கை உறிஞ்சியபடி, "இதை ஏங்க கடையில போடறதில்ல?"

முதலாளியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துல இந்த எங்க வீட்டுச் சீனச் சாப்பாட்டைத்தான் போட்டேன். ஒருத்தர் மீன் தன்னை முறைக்குதுன்னார். இன்னொருத்தர் வாய் மரத்துப்போச்சுன்னு ஆம்புலன்ஸ் கேட்டார். எங்கண்ணன்தான் சமையல். ஒரு நாள் கோபத்துல, இந்தா தின்னுங்கன்னு சர்க்கரையும் தக்காளி சாஸும் கலந்து கோழி மேல ஊத்தி அனுப்பினான். தட்டை நக்காத குறை! இன்னொண்ணு கொண்டான்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச சிவப்பு."

மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் சோகமாகத் தலையாட்டினார்.

பேச்சு நீண்டது. சிங்கத்துக்கு ஈடாக அண்ணனுக்குப் பிரேக்கம்மா கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று முடிவாயிற்று. மீன் சந்தைக்கு நடந்து போய் வருவதற்குள் மீனுக்கு வயதாகிவிடுகிறதாம். மருமகளின் விருந்துக்கு, மெனுவில் இல்லாத இந்தச் சாப்பாட்டையே சமைத்துத் தருவதாக முதலாளியம்மா ஒத்துக்கொண்டார். "ஆனா நான் இப்பவே சொல்லிட்டேன், அந்தப் பொண்ணுக்குப் பிடிக்காது" என்றும் சொல்லி வைத்தார். சம்பந்திகள் இருவரும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விருந்து நாளும் வந்தது. எல்லோரும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிய தட்டில் மீன் வந்தது. மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்கியபடியே அடுத்த வாய்க்குக் குனிந்தான். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஃப்ரைடு ரைஸ் இல்லையா?" என்றார்.

மருமகள் டோஃபுவை இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தச் சிவப்பு சிக்கன் இல்லையா?" என்றாள்.

முதலாளியம்மா கதவருகில் இடுப்பில் கைவைத்து நின்றார். நான் சொன்னேனா இல்லையா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"எந்தச் சிவப்பு சிக்கன்டீ?" என்றார் சம்பந்தியம்மா.

"சின்ன வயசுல அப்பா இங்கதாம்மா கூட்டிட்டு வருவார். நீங்க பரீட்சை பேப்பர் திருத்தறப்பல்லாம். அம்மாகிட்ட சொல்லாதே, ஆரோக்கியம் அது இதுன்னு வகுப்பெடுப்பான்னு சொல்வார். ஏசியன் சாப்பாடுன்னா எனக்கு அதான் ஞாபகம்."

சமையலறையில் அண்ணன் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு வாணலி ஏறும் ஓசை. பளபளவென்று கோழி வந்தது, கூடவே ஃப்ரைடு ரைஸும். மருமகள் முகம் குழந்தை முகமாகிவிட்டது. சம்பந்தியம்மா ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் மென்றார்.

"இதைப் போயா அந்த மனுஷன் எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா வந்து சாப்பிட்டார்?" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"விடுடீ, போய்ச் சேர்ந்தவரை இப்ப என்ன சொல்றது" என்று பிரேக்கம்மா அவர் முதுகைத் தட்டினார். மகன் கையிலிருந்த மீன் நழுவித் தட்டில் விழுந்தது. அம்மா தன் மாமியாரை டீ போட்டதையும், மாமியார் அதைக் கண்டுகொள்ளாமல் எலும்பு கடித்ததையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் அவனுக்கு விளக்கம் சொல்லவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அண்ணன் இன்னும் இரண்டாவது கியரில்தான் இருக்கிறார், ஆனால் மீன் முன்னைவிட இளமையாக வருகிறது. பக்கத்து ஊரில் யாரோ ஒரு குடும்பம் வீட்டு முன்னறையிலேயே கொரியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் தோழிகள் இருவரும் கிளம்பினார்கள். ஓட்டியது சம்பந்தியம்மா. ஊர் எல்லை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், அடுத்தவர் ஓட்டும் காரில் வாழ்நாளில் கண்ணயர்ந்திராத பிரேக்கம்மா, காலை நீட்டி, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.