அத்தான் கட்டிய படகு

டுப், டுப், டுப். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில், அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகரப் படகு. வயிற்றுக்குள் எண்ணெய்த் திரி எரிய, தன் பாட்டுக்கு வட்டமடித்துக்கொண்டிருந்தது. விற்கிறவர் அடுத்த படகுக்குத் தீக்குச்சி உரசினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கூட்டமும் விளக்குகளும் ராட்டினத்தின் கூச்சலும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. மேலே அத்தான் மட்டும் மிதந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பட்டாசுக் கம்பெனி ஒன்றின் கேட்டில், உள்ளே போகிற ஆட்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவருக்கு வேலை. தீப்பெட்டி, பீடி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. செல்போனும் அப்போதுதான் அந்த வரிசையில் சேர்ந்திருந்தது. தடவித் தடவி அவர் விரல்களுக்குக் கண் முளைத்திருந்தது. வாங்கி வைத்த தீப்பெட்டிகளைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவார். தன் சட்டைப்பையில் மட்டும் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் மஸ்கட்டில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போவதென்று முடிவெடுத்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். திருத்தங்கலில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. நான்தான் நடுவில் தந்திக் கம்பி.

“தம்பி, ஒங்க அத்தானுக்குச் சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு.” அவர் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

“பசிக்கலைன்னு சொல்லு மாப்ள.”

“பசிக்கலைன்னா அந்தப் பாஸ்போட்டத் திங்கச் சொல்லு.”

இப்படிப் பேசாமலேயே விமானம் ஏறிவிடுவோமோ என்பதுதான் அவரை அரித்தது. கல்யாணமான புதிதில் இதே பொருட்காட்சியில் அக்காவுக்கு ஒரு தகரப் படகு வாங்கித் தந்திருந்தார். அது துருவேறி, டிரங்குப் பெட்டிக்குள்ளேயே பொடியாக உதிர்ந்துபோனபோது, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாளாம். இன்னொன்று வாங்கலாமென்றால் பங்குனிக்கு மாதக்கணக்கில் நாள் கிடந்தது. அப்போதுதான் என் மகனின் விளையாட்டுக் கட்டைகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள்.

நான் வேலை பார்த்த பிரஸ் விடுமுறையில் இருந்த நாட்கள். வெயில் தரையில் ஊர்ந்து சுவரேறும் வரை நாங்கள் இருவரும் கட்டைகளுக்குள் கிடந்தோம். சிவப்பில் அடிப்பாகம், மஞ்சளில் கூரை, நீலத்தில் புகைபோக்கி. இல்லாத படகைப் பார்த்து இருக்கிற படகைக் கட்டினார் அத்தான். “மூக்கு இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கும் மாப்ள,” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவரிடம் வாங்கிய மெல்லிய செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, இரண்டு முனைகளையும் பின்பக்கம் தண்ணீருக்குள் நீட்டினோம். சுருளுக்கு அடியில் சோடா மூடியில் எண்ணெயும் திரியும். வாளியில் விட்டதும் மூழ்கிற்று. இடுக்குகளில் மெஷின் கிரீஸ் பூசினோம்; மிதந்தது. பற்றவைத்துப் பார்க்க மட்டும் முடியவில்லை. தீப்பெட்டி இருந்தது அடுப்படியில். அடுப்படியில் அக்கா.

“அங்கன போய் எப்படிக் கேக்க? தண்ணிக்குப் போய்ப் பாத்துக்கிருவோம்,” என்றார்.

ஆனைக்குட்டம் அணைக்கு என் வண்டியில் அக்காவும் வந்தாள். “தண்ணியப் பாக்கத்தான் வாரேன். யாரையும் பாக்க இல்ல.” நீர் கலங்காமல் கிடந்தது, வானத்தை மடித்து வைத்த மாதிரி. படகைக் கரையோரம் மிதக்கவிட்டு அத்தான் சட்டைப்பையைத் தொட்டார். பிறகு இடுப்பை. பிறகு, கேட்டில் ஆட்களைத் தடவுகிற மாதிரியே தன்னைத் தானே மேலிருந்து கீழாகத் தடவினார். என்னைப் பார்த்தார். கட்டுக்கட்டாகத் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை எனக்கு. என்னிடமும் ஒரு குச்சி இல்லை.

“ஊருச் சட்டையெல்லாம் தடவுனீகளே, நமக்குன்னு ஒரு பெட்டி எடுத்து வைக்கத் தெரியலையா ஒங்களுக்கு?”

கம்பி வழியாக வரவில்லை அக்காவின் பேச்சு. நேராக அவரிடம் போயிற்று. முதலில் சிரித்தது யாரென்று ஞாபகமில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தது ஞாபகமிருக்கிறது.

“அந்தா, ஆடு மேய்க்கிறவரு எடது இடுப்புல இருக்கு,” என்றார் அத்தான்.

“அம்புட்டுத் தூரத்துல நிக்காரு, எப்படித் தெரியும்?” என்றாள் அக்கா.

“வேட்டி மடிப்பே சொல்லுதுல்ல!”

ஓடினார். ஆட்டுக்காரர் பெட்டியோடு கொடுத்துவிட்டார். அத்தானின் விரல்களுக்குக் குச்சி உரச வரவில்லை. அக்கா வாங்கி, கை குவித்துப் பற்றவைத்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு படகு ஒரு தடவை இருமியது. டுப். டுப், டுப். குட்டிக் குட்டி அலைகளைப் பின்னால் உதறிவிட்டு அது போக, அக்காவுக்குப் பேச்சு நிற்கவில்லை. “அங்கன யாரு ஒங்களுக்குச் சோறாக்குவா? காச்சக் கீச்சல்னா யார்ட்டச் சொல்லுவீக? என்ட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லியிருப்ப.”

“ஆமா. சொல்லத்தான் செஞ்சிருப்பேன்.”

அதற்குள் சூட்டில் ஒரு மஞ்சள் கட்டை இளகி, கூரை சரிந்து, படகு பக்கவாட்டில் சாய்ந்தது. அத்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்.

அவர் போனார், விடுப்பில் வந்தார், மறுபடி போனார். இப்போது திருத்தங்கலில் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே பேசிக்கொண்டு இருக்கிறார்கள். படகு என் மேசைமேல். மஞ்சள் கட்டை இன்னும் உருகிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும் சில மத்தியானங்களில். அதனால்தானோ என்னவோ, பொருட்காட்சியில் தகரப் படகை வாங்காமல், அதன் சத்தத்தை நின்று கேட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

அவர் முதல் தடவை கிளம்பிய அன்று சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா இடுப்பிலிருந்து ஆட்டுக்காரரின் தீப்பெட்டியை எடுத்து அத்தானின் சட்டைப்பையில் திணித்தாள்.

“அக்கா, பிளேன் ஏறுற எடத்துலயும் தடவிப் பாப்பாக. எடுத்துருவாக,” என்றேன்.

அத்தான் பையின்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு படியேறினார். அக்கா ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“எடுத்தா எடுத்துட்டுப் போறாக. அதுவரைக்கும் கெடக்கட்டும்.”