மாதத்துக்கு ஒரு மதகு

போன சனிக்கிழமை நெல் ஆலைக்குப் போனேன். நெல் குத்த அல்ல... என்னை நிறுக்க.

நெல்மூட்டை நிறுக்கிற பெரிய தராசு அது. தட்டில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சைப் பிடித்தால் நிறை குறையுமா? குறையாது. ஆனாலும் தராசில் ஏறி மூச்சைப் பிடிக்காத ஆள் யார்? ஆலைக்கார ராசண்ணை குனிந்து பார்த்து, "எண்பத்தொன்பது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா, மாசாமாசம் வந்து நிறுக்கிறியள். உண்மையைச் சொல்லுங்கோ. என்ன வருத்தம்?"

பிழை அவரில் இல்லை. எங்கள் பக்கத்தில் சாப்பாடு இல்லாமல் மெலிகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் வருத்தத்தால் மெலிகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே மெலிகிற ஓர் ஆளை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை. நிவாரண மாவுக்கு வரிசையில் நிற்கிற ஊரில் ஒருவன் கொழுப்பைக் கரைக்க நடக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்?

"வருத்தம் ஒண்டும் இல்லை அண்ணை. நடக்கிறன்."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. ஆலையில் நாலைந்து பேர் நின்றார்கள். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களோடு என்னென்னவோ கதைத்திருக்கிறேன். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட கதை, கந்தோரில் பூனை குட்டி போட்ட கதை... இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். வெட்கம்தான். இன்று சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் என் நிறை தொண்ணூற்றாறு கிலோ.

கிளிநொச்சி டவுனிலிருந்து இடம்பெயர்ந்து, தர்மபுரத்தில் ஒரு காணித் துண்டில் கொட்டில் போட்டு இருக்கிறோம். நான், மனைவி கமலா, பன்னிரண்டு வயது மகள் சுபா. நான் கிளாக்கராக எழுத்து வேலை செய்கிற கந்தோரும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்து அடுத்த வளவில்தான் இருக்கிறது. பாயிலிருந்து எழும்பினால் கந்தோர்க் கதிரை. கதிரையை விட்டு எழும்பினால் சாப்பாட்டுத் தட்டு. அவ்வளவுதான் நடை. காலையில் ரொட்டி, இரவில் பிட்டு... எல்லாம் மா. உடம்பு ஏறாமல் என்ன செய்யும்?

கொட்டில் போட்ட கையோடு, குண்டுக்கு ஒளிய ஒரு பங்கர்க் குழியும் வெட்டினோம். பக்கத்து வளவு ஆட்கள் இருவர் வந்து வெட்டித் தந்தார்கள். இருவரும் ஈர்க்குப் போல மெல்லிசு. தங்கள் அளவுக்கு வாசல் வைத்தார்கள். இரண்டு பனைமரக் குற்றிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. வாசல் ஒடுக்கமாக இருந்தால்தான் குண்டுச் சிதறல் உள்ளே வராது என்றார்கள். நியாயம்தான். நான் ஒருமுறை இறங்கிப் பார்த்தேனா? இல்லை. ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை. முற்றத்தில் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கமலா குசினிக்குள் சமையலில். சுபா பள்ளிக்கூடம் போவதற்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்போது தூரத்தில் ஓர் இரைச்சல். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விமான இரைச்சல். பொம்மர்!

நான் ஓடினேன்.

யோசிக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பங்கர் வாசலில் காலை விட்டுச் சரிந்தேன். இடுப்பு வரை போனது. அதற்குமேல் போகவில்லை.

கால்கள் உள்ளே அந்தரத்தில் தொங்குகின்றன. வயிறு இரண்டு குற்றிகளுக்கு நடுவே இறுகிவிட்டது. கையை ஊன்றி மேலே வரவும் முடியவில்லை. நெஞ்சும் முகமும் வெளியே, முற்றத்தைப் பார்த்தபடி. பத்தடி தூரத்தில் சுபா நின்றாள், பாதி பின்னிய தலையோடு. அவளுக்கு ஒளிய வேறு இடம் இல்லை. இருந்த ஒரே வழியையும் நான் அடைத்துக்கொண்டிருந்தேன்.

பொம்மர் ஒரு வட்டம் போட்டுத் தாழப் பதிந்தது. குசினியிலிருந்து ஓடிவந்த கமலா மகளை நிலத்தில் தள்ளி, அவள் மேல் விழுந்து படுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளின் ஒரு கன்னம் மண்ணில். ஒரு கண் மட்டும் என்னையே பார்த்தபடி...

குண்டு வயல்களுக்கு அப்பால் விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. இரண்டாவது இன்னும் தள்ளி. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்து வளவு ஆட்கள் வந்து கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். சேட்டுப் பொத்தான்கள் எல்லாம் அறுந்துவிட்டன. வயிற்றுத் தோல் உரிந்து எரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கமலா உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "தேத்தண்ணி ஊத்துண்டு போச்சு. வேற போடட்டோ?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளே அந்த இருவரையும் கூப்பிட்டு, ஒரு குற்றியைத் தள்ளி வைப்பித்தாள். ஒரு மணித்தியால வேலை.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா இறங்கிப் பாருங்கோ."

இறங்கினேன். தாராளமாகப் போனது. வாசலின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு முன்னால் நான் ஓடினேன் என்பதை எந்தக் குற்றியைத் தள்ளி வைத்துச் சரிசெய்வது?

சுபா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "ஓம்". இல்லாவிட்டால் "இல்லை". சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். மகள் எனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவளிடம் கேட்கவும் பயம்.

பெரிய பிழை செய்த மனிதன் அதைத் தொடமாட்டான். பக்கத்தில் கையால் செய்யக்கூடிய சின்ன வேலை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பான். நானும் அப்படித்தான். நடக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து பெரிய றோட்டில் ஏறினால் இரண்டு பக்கமும் வயல் வெட்டை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை, றோட்டுக்குக் கீழே வாய்க்கால் போகிற இடத்தில் ஒரு மதகு வரும். பொம்மர் வந்தால் அந்த மதகுகளின் அடியில் ஒளியலாம். வேறு இடம் இல்லை. அதனால் நான் தூரத்தை மைலில் பார்க்கவில்லை. மதகில்தான் பார்த்தேன்.

முதல் நாள் முதலாவது மதகு வரை போய் வந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் பெரிய சந்தோஷம். இரண்டாம் நாள் ஆசை விடவில்லை. ஒரே மூச்சில் மூன்றாவது மதகு! மூன்றாம் நாள் பாதமெல்லாம் கொப்புளம். முழங்கால் வீங்கிவிட்டது. நாலு நாள் பாயில் கிடந்தேன்.

பிறகு எழும்பி நொண்டிக்கொண்டு றோட்டுக்கு வந்தபோது பிலோமினா எதிர்ப்பட்டார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். எங்களைப் போலவே இடம்பெயர்ந்து இங்கே இருக்கிறார். விடியற்காலையில் கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பவர். வயது நாற்பது இருக்கும். நிறை நாற்பது இருக்காது.

"அண்டைக்கு என்னை முந்திக்கொண்டு போனியள். இண்டைக்கு நொண்டுறியள். உப்பிடி எங்க ஓடுறியள் ஐயா?"

"மெலியோணும்."

"எப்ப? வாற வெள்ளிக்கிழமைக்கிடையிலோ?" கடகம் ஆட ஆடச் சிரித்தார். பிறகு சொன்னார்: "மாசத்துக்கு ஒரு மதகு. அதுக்கு மேல ஆசைப்படாதேங்கோ. இந்த மாசம் முழுக்க முதலாவது மதகடியில திரும்புங்கோ. இன்னும் நடக்க ஏலும் எண்டாலும் திரும்புங்கோ. அப்பதான் நாளைக்கும் வருவியள்."

நடக்க ஏலும் என்றாலும் திரும்புவது... செய்து பாருங்கள், அதுதான் கஷ்டம்!

தைரியமாக நடந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மதகுக்கும் மதகுக்கும் நடுவே ஓர் இடம் வரும். முன்னே ஓடினாலும் பின்னே ஓடினாலும் ஒரே தூரம். அந்த இடத்தில் என் காது இரண்டும் வானத்தில் இருக்கும். எங்கேயோ வயலில் ஒரு தண்ணீர்ப் பம்ப் ஸ்டார்ட் ஆனால் அப்படியே குந்திவிடுவேன். மோட்டார் சைக்கிள் வந்தால் வயல் வரம்பில் இறங்கி நிற்பேன். வெள்ளைச் சாரம் கட்டிய இந்தப் பெரிய உடம்பு மேலேயிருந்து எப்படித் தெரியும் என்று ஒருநாள் யோசித்தேன். அடுத்த நாளிலிருந்து பச்சைச் சாரம். வேக நடை எனக்கு எப்படிப் பழகியது? அந்த நடு இடத்தைக் கடக்கத்தான்.

முதல் மாத முடிவில் தராசில் ஏறினேன். தொண்ணூற்றைந்தரை.

"அரைக் கிலோவோ?" என்றார் ராசண்ணை. "போனமுறை பொக்கற்றில பேனையும் மூக்குக்கண்ணாடியும் வச்சிருந்தனீங்கள்!"

இரண்டாம் மாதம் தொண்ணூற்று மூன்று. தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாதம் தொண்ணூற்று நான்கு. கூடிவிட்டது! கந்தோரில் ஒரு பிரியாவிடை, கோயிலில் ஒரு பொங்கல், இடையில் மழை... காரணம் இருந்தது. ஆனால் மனம் விட்டுப்போனது. இத்தனை நாள் செத்துச் செத்து நடந்து என்ன பிரயோசனம்? மூன்று நாள் றோட்டுப் பக்கமே போகவில்லை.

நாலாம் நாள் விடிய, பாயடியில் வந்து நின்றாள் சுபா.

"அப்பா, நடக்கப் போகேல்லையோ?"

எனக்குத் தூக்கம் பறந்தது. இரண்டு சொல்லுக்கு மேல் அவள் கதைத்து மூன்று மாதம்.

"கால் நோகுது பிள்ளை."

"நானும் வாறன். எழும்புங்கோ."

எழும்பினேன். எழும்பாமல் இருக்க முடியுமா? அன்றிலிருந்து தினமும் வந்தாள். கதை பெரிதாக இல்லை. பக்கத்தில் நடந்தாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துச் சோக் துண்டு ஒன்று கொண்டுவந்து, திரும்புகிற மதகுச் சுவரில் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். கோடு விடுபடக்கூடாது என்பதற்காகவே மழைத் தூறலிலும் போனேன். நாலாம் மாதம் தொண்ணூற்றொன்று.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் அது நடந்தது. ஐந்தாவது மதகுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிலோமினா கடகத்தோடு கொஞ்சம் முன்னே. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் சரியாக நடுவில் நாங்கள். அப்போது கேட்டது, அதே இரைச்சல்.

பிலோமினா கடகத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கருவாடு றோட்டெல்லாம் சிதறியது. நான்? இந்தமுறை ஓடவில்லை. வீரம் என்று நினைக்காதீர்கள். கால் எழும்பவில்லை. ஆணி அடித்தது போல நடு றோட்டில் நின்றேன். வானத்தைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கிட்டக் கிட்ட வருகிறது.

சுபா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஓடுங்கோ! ஓடுங்கோ அப்பா!"

அவள் இழுக்க நான் ஓடினேன். மதகு எவ்வளவு தூரம் என்று தெரியாது. நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது, ஆனால் ஓடினேன். மதகடியில் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் மூன்று பேரும் குந்தினோம். பிலோமினா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். தலைக்கு மேலே வானம் கிழிந்தது போல ஒரு சத்தம்... பிறகு அது தெற்கே போனது. குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் ஒருவரும் வெளியே வரவில்லை.

அந்தச் சேற்றுக்குள்தான் வாய் திறந்தேன். "பிள்ளை... அண்டைக்கு அப்பா உன்னை விட்டிட்டு ஓடினது பிழைதான்."

அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஓடினனான்தானே," என்றாள்.

"என்ன?"

"உங்களுக்குப் பின்னால நானும் ஓடி வந்தனான். அம்மா குசினிக்குள்ள நிண்டவா. நான் அவாவைக் கூப்பிடவே இல்லை அப்பா. பிறகு அவாதான் வந்து எனக்கு மேல படுத்தவா..."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

ஐந்து மாதம்! அவள் என் முகத்தைப் பார்க்காதது என்னில் வெறுப்பால் அல்ல. தன் முகத்தில் இருப்பதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தால். ஒரே கொட்டிலுக்குள் இருந்துகொண்டு நான் ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறேன், பிள்ளை ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறாள்.

"அப்ப ஏன் என்னோட நடக்க வந்தனி?"

"நீங்கள் தனிய றோட்டில நிக்கேக்க பொம்மர் வந்தா? வீட்டில இருந்து அதை நினைக்க நினைக்கப் பயமா இருந்தது. அதைவிடக் கூட வாறது சுகம்."

மேலே ஏறி வந்து, சிதறிய கருவாட்டை மூன்று பேருமாகப் பொறுக்கிக் கடகத்தில் போட்டோம். அன்று ஐந்தாவது மதகில் சுபா கோடு போட மறக்கவில்லை. கோடு மட்டும் கோணலாக வந்தது.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நீர் ஒராள்தான் அண்டைக்குப் பயப்படேல்லை," என்றேன்.

"ஆர் சொன்னது?" என்றாள். "அடுப்பில பருப்பு கொதிச்சுக்கொண்டு இருந்தது. எரிஞ்சு போகுமெண்டு இறக்கி வச்சதில பிந்திப் போனன். முந்தி வந்திருந்தா உங்களையும் தள்ளிப்போட்டு நான் இறங்கியிருப்பன்!"

சுபா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கமலா சொன்னது உண்மையா, எங்களுக்காகச் சொன்னாளா? தெரியாது. துருவுகிற கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை முதல் கமலாவும் வருகிறாள். வீட்டில் தனியே இருந்து வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க இனி முடியாதாம். அடுத்த மாதம் ஆறாவது மதகு. ஐந்தாவதிலிருந்து அது வெகுதூரம் என்கிறார் பிலோமினா. அந்த வெட்டையை நினைத்துப் பயத்தில் இப்போதே பச்சைச் சாரத்தைத் துவைத்து வைத்துவிட்டேன்.

நடக்கத் தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துணைக்கு ஓர் ஆளைப் பிடியுங்கள் — நல்ல பயந்த ஆளாகப் பார்த்து.