சிவப்பு நூல் கட்டிய சவர்க்காரம்

புங்குடுதீவு மடத்துவெளியில் சவர்க்காரம் செய்கிற சத்தியபாமா என்று கேட்டால் எவரும் வீட்டைக் காட்டுவார்கள். நாகலிங்கத்தாரின் கடைசி மகள். நாகலிங்கத்தாரின் தகப்பனும் என் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். அந்த முறையில் நான் அவளுக்குக் குஞ்சியப்பு, அதாவது சிறிய தகப்பன்.

நாகலிங்கத்தாருக்கு மாத்தறையில் சுருட்டுக்கடை. மூத்தவன் இராசநாயகம். அவனுக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தாய்க்கு இனிப் பிள்ளை இல்லையென்று எல்லோரும் கைவிட்ட பிறகு, மூத்தவனுக்குப் பதினேழு வருசம் கழித்துப் பிறந்தவள் இவள். தாய் நோயாளி. தூக்கி வளர்த்தவன் தமையன்தான். பந்தடிக்கப் போகிற இடத்துக்கும் தங்கச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு போவான். அதற்குப் பகிடி பண்ணிய ஒருவனின் மூக்கை உடைத்தான். உடைந்த மூக்கு என் மனைவியின் தமையன் மகனுடையது. இரண்டு வருசம் இரு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லாமல் இருந்தது.

எண்பத்தேழில் இராசநாயகம் கனடா போனான். அவளுக்கு அப்போது எட்டு வயது. போரால் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு இவளும் தாய்தகப்பனும் யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வளவில் நெடுந்தீவுச் சனம். அதில் ஒருவன் வின்சன்ற், கடற்றொழில் செய்கிறவன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். தமையன் கனடாவில் மாப்பிள்ளை பார்த்து, படம் அனுப்பி, எல்லாம் சரிவந்த நேரத்தில் இவள் வின்சன்றைக் கட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போய்விட்டாள். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது.

"எனக்குத் தங்கச்சி இல்லை" என்று இராசநாயகம் எனக்குத்தான் ரெலிபோனில் சொன்னான். சொன்னவன் சொன்னபடி நின்றான். கனடாவில் தன்னோடு இருந்த தகப்பன் செத்தபோது என்மூலம் செய்தி அனுப்பினான், அவளுடன் கதைக்கவில்லை. தாய் செத்தபோதும் அப்படியே. பத்தொன்பது வருசம்.

போர் முடிந்து சத்தியபாமாவும் வின்சன்றும் மடத்துவெளியில் தாய்வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து இருந்தார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். அவள் மகள் நிலாந்திக்குக் கைக்குழந்தையிலேயே கரப்பன். முழங்கை மடிப்பும் கழுத்தும் வெடித்து நீர் வடியும். அந்தத் தண்ணீரில் கடைச் சவர்க்காரம் போட்டால் நுரை வராது, தோலில் வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும், பிள்ளை கத்தும். வேலணையில் மாதர் சங்கம் சவர்க்காரம் செய்யப் பழக்கியபோது இவள் அதற்காகத்தான் போனாள். மற்றப் பெண்கள் வாசத்துக்கும் நிறத்துக்கும் அடிபட்டார்கள். இவள் இரண்டையும் விட்டாள். தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஆட்டுப்பால், அதற்கு அளவான எரிசோடாக் காரம். பாலை ஐஸ்கட்டியாக்கித்தான் காரத்தோடு சேர்ப்பாள், இல்லாவிட்டால் பால் கருகிவிடும். எத்தனை தரம் பிழைத்து எத்தனை தரம் கொட்டினாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நிலாந்தியின் கரப்பன் அதனால் மாறியதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குளிக்கும்போது பிள்ளை கத்துவது நின்றது.

வெட்டிய கட்டி ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், ஆற வேண்டும். அதற்கு முன்னால் அதில் காரம் இருக்கும், மெல்லிய தோலைக் கடிக்கும். ஓலைப்பாயில் அடுக்கி ஒன்றுவிட்டொரு நாள் திருப்பி வைப்பாள். திருப்பும்போது கலந்துவிடாமல் இருக்க ஆறாத கட்டிக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டுவாள். ஆறு கிழமை போனதும் ஒவ்வொன்றாய் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பாள். கடிக்காவிட்டால் சிவப்பு நூலை அறுத்து, வெள்ளைத்தாளில் சுற்றி வைப்பாள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சிவப்பு நூல் என்றால் தொடக்கூடாது.

போன வருசம் சித்திரையில் இராசநாயகத்தின் மனைவி அம்பிகை, புருசனுக்குத் தெரியாமல், சத்தியபாமாவின் ரெலிபோனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். மகள் தனுசியாவின் குழந்தைக்குக் கரப்பனாம். எட்டு மாதப் பிள்ளை. டொக்டர் தந்த எதுவும் ஒத்துவரவில்லையாம். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகிறாளாம், வரும்போது சவர்க்காரம் எடுத்துக்கொண்டு போகிறாளாம்.

சத்தியபாமா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"குஞ்சியப்பு, பிள்ளைக்குச் சுகம் வந்தால் அண்ணை ஒரு சொல்லுக் கதைப்பார்தானே?"

"கதைக்காமல் என்ன?"

"கனக்க வேண்டாம். 'எப்பிடி இருக்கிறாய்' எண்டு ஒரு சொல்லு கேட்டால் காணும்."

அந்தக் கிழமையே பன்னிரண்டு கட்டி தனியாகச் செய்தாள். பால் கறந்த ஆட்டுக்கு என்ன தின்னக் கொடுத்தாள் என்பதைக்கூடக் கவனித்தாள். ஆனி பிறக்க முன்னமே அவை ஆறி, நாக்கில் தொட்டுப் பார்த்து, தாள் சுற்றி, பிஸ்கற் ரின்னில் போட்டு, மூடியில் 'குழந்தைக்கு' என்று எழுதி அலுமாரியில் வைத்துவிட்டாள். அம்பிகை கோயில் விரதக்காரி என்பதால் அவள் வருகிற கிழமை வீட்டில் மூன்று நாளாய் மீன் இல்லை. சத்தியபாமா புதுச்சட்டி வாங்கிக் குசினியைக் கழுவினாள்.

"உங்கடை மச்சாள் வந்து போகுமட்டும் நானும் வெளியிலைதான் படுக்கவேணுமோ?" என்று வின்சன்ற் பகிடி விட்டான்.

"நீர் குளிச்சிட்டு வந்தால் உள்ளுக்குப் படுக்கலாம்" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்ற அம்பிகை திங்கட்கிழமையே வந்து நின்றாள். திரும்பிப் போகிற விமானம் ஒரு நாள் முந்திவிட்டதாம். குறிகட்டுவானில் படகால் இறங்கி, வானோடு நேரே வந்திருக்கிறாள். சத்தியபாமா அவளுக்குச் சமைக்க மரக்கறி வாங்க வேலணைக்குப் போயிருந்தாள். வின்சன்ற் கடலில். ஆட்டுக்குக் குழை போட வந்த நான்தான் விறாந்தைக் கதிரையில் இருந்தேன்.

"இருங்கோ பிள்ளை, இப்ப வந்திடுவள்."

"ஏலாது மாமா. இரவு கொழும்புக்கு ஓட வேணும். வான்காரன் கத்துறான். சவுக்காரத்தைத் தாங்கோ."

ரின்னை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். வெள்ளைத்தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஓலைப்பாயில் நாலு நாளுக்கு முன்னர் வெட்டிய கட்டிகள், பால் நிறத்தில், சிவப்பு நூல் கட்டியபடி வரிசையாய் இருந்தன. அவள் கையிலும் கோயிலில் கட்டிய சிவப்பு நூல்.

"இது அம்மனிட்டை வைச்சு எடுத்ததோ?"

"இல்லைப் பிள்ளை, அது இன்னும் ஆறாதது. உங்களுக்கெண்டு செய்தது ரின்னுக்கை இருக்கிறதுதான்."

"சும்மா இருங்கோ மாமா. எனக்கு ஊர்ப் பழக்கம் தெரியாதே? பேப்பர் சுத்தினது கடைக்கு. நூல் கட்டினது வீட்டுக்கு. எத்தினை மாசப் பழசை என்ரை தலையிலை கட்டுறா? புதுப்பால் மணக்குது, இஞ்சை பாருங்கோ."

சொல்லிக்கொண்டே நூல் கட்டியவற்றை முந்தானையில் அள்ளினாள். நான் எழும்பி நின்றேன். மறித்திருக்கலாம். ஆனால் பயணம் வெளிக்கிடுகிறவளிடம், அதுவும் கோயிலால் வருகிறவளிடம், கையில் எடுத்ததை வை என்று எங்கள் வீடுகளில் எவரும் சொல்லமாட்டோம். தடை சொன்ன பயணம் சரிவராது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதைவிட, பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருத்தி இந்த வாசலுக்கு வந்திருக்கிறாள். இவள் கோபித்துக்கொண்டு போனால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வான் கதவைச் சாத்தும்போதுதான், "கொஞ்ச நாள் வைச்சுப் பாவியுங்கோ பிள்ளை" என்றேன்.

"ஓம் ஓம்" என்றாள். வான் போய்விட்டது.

சத்தியபாமா வாழைப்பூவும் முருங்கைக்காயுமாய் வந்தாள். மேசையில் திறந்தபடி கிடந்த ரின்னைப் பார்த்தாள். அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது கையில் வெறும் ஓலைப்பாய்.

"நீங்கள் சொல்லேல்லையோ குஞ்சியப்பு?"

"சொன்னனான் பிள்ளை."

"எப்பிடிச் சொன்னனீங்கள்?"

நான் சொன்ன விதத்தைச் சொன்னேன். அவள் ரெலிபோனை எடுத்தாள். அம்பிகை இங்கே பாவித்த நம்பர் வேலை செய்யவில்லை. கனடா நம்பருக்குக் குரல் பதிவு போட்டாள். "மச்சாள், நீங்கள் எடுத்தது ஆறேல்லை. ஆறு கிழமை தொடாதேங்கோ. பிள்ளைக்குப் போட்டிடாதேங்கோ." ஒன்றல்ல, ஐந்தாறு தரம் போட்டாள். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.

அம்பிகை அவற்றைக் கேட்டிருக்கிறாள். அதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். நல்ல கட்டிகளைத் தான் எடுத்துக்கொண்டு வந்த எரிச்சலில் சத்தியபாமா அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தாளாம். கனடாவில் இறங்கிய அன்றைக்கே, அம்மன் நூலோடு வந்த சவர்க்காரம் என்று சொல்லி, குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை அவளே குளிப்பாட்டியிருக்கிறாள். கரப்பன் வெடித்த தோல். கதையை நீட்டத் தேவையில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சத்தியபாமாவின் ரெலிபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. இராசநாயகத்தின் பெயர். அவள் அந்த நம்பரை எப்போதோ வாங்கிப் பதிந்து வைத்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கையைத் துடைத்தாள். கதிரையில் இருந்து, தலைமயிரை ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தாள்.

"அண்ணை..."

"இதைப் பார்" என்றான் அவன். குழந்தையின் கழுத்து. தோல் உரிந்து இறைச்சி நிறமாய் இருந்தது. "இத்தினை வருசம் காத்திருந்து இதைத்தானோ செய்தனி? உன்ரை புருசன் சொல்லித் தந்தவனோ?"

அவனுக்குப் பின்னால் அம்பிகை நின்றாள். கண் நிலத்தில். சத்தியபாமா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க, கையால் மறித்தாள்.

"ஓம் அண்ணை, என்ரை பிழைதான். பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

 அழைப்பு நின்றுவிட்டது.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று வின்சன்ற் கத்தினான். "சொன்னால் அங்கை அண்ணையும் மச்சாளும் சண்டை பிடிப்பினம். பிறகு என்னாலை எண்டுதான் அதையும் சொல்லுவினம்" என்றாள். பின்னேரம் நானே இராசநாயகத்துக்கு எடுத்து நடந்தது முழுவதையும் சொன்னேன். என் பங்கையும் மறைக்கவில்லை.

"அவள் சொல்லச் சொன்னவளோ?" என்று கேட்டான். "அவளே தன்ரை பிழையெண்டு ஒத்துக்கொண்டிட்டாள். நீங்கள் வயதுபோன மனுசன், இதுக்குள்ளை வராதேங்கோ."

மாமன் வழி, மச்சான் வழி, பாரிஸ், லண்டன் எல்லா இடத்துக்கும் கதை போனது. வேதக்காரனைக் கட்டினவள் தமையனின் பேரப்பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று. குறிகட்டுவானில் அவளிடம் வழக்கமாய் வாங்குகிற கடைக்காரனும் இரண்டு மாதம் வேண்டாம் என்றான்.

ஆவணியில் அம்பிகையின் குரல் வந்தது. மிகவும் மெல்லிய குரல். "சத்தியா, அந்த ரின் இருக்கோ? ஆர் வந்தாலும் குடுத்துவிடு. பேப்பரை உரிச்சுப்போட்டு அனுப்பு. மருந்துக்கடையிலை வாங்கினதெண்டு இவருக்குச் சொல்லுறன்."

வின்சன்ற் வேண்டாமென்றான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவள் பன்னிரண்டு கட்டியிலும் தாளை உரித்து, கனடா போன ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள். அது குழந்தைக்கு ஒத்துவந்தது. கார்த்திகையில் இராசநாயகம் எனக்கு எடுத்தபோது, ஊர்ப் புதினமெல்லாம் கேட்டுவிட்டு, "மருந்துக்கடையிலை நல்லதொரு சவுக்காரம் கிடைச்சிருக்கு குஞ்சியப்பு, பிள்ளை இப்ப சிரிச்சுக்கொண்டு குளிக்குது" என்றான். நான் அதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பற்றி ஏதும் கேட்டாரோ என்றாள். இல்லை என்றேன்.

தை மாதம் சவர்க்காரம் முடிந்துவிட்டது. அம்பிகை திரும்பவும் கேட்டாள். இந்த முறை சத்தியபாமாவும் குரல் பதிவுதான் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணையைக் கேக்கச் சொல்லுங்கோ மச்சாள். அவர் வாயாலை கேட்டால் அண்டைக்கே செய்வன்."

அம்பிகை அழுதாள், கெஞ்சினாள். பிறகு குழந்தையின் தாய் தனுசியாவே எடுத்தாள். குழந்தைக்குப் பழையபடி வெடிக்கத் தொடங்கிவிட்டதாம். சத்தியபாமா அவளிடமும் அதையேதான் சொன்னாள். குரல் உயரவில்லை. தமையன் அன்றைக்கு என்னிடம் 'எனக்குத் தங்கச்சி இல்லை' என்று சொன்ன அதே குரல் அது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மாசியில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"குழந்தை என்ன செய்தது பிள்ளை?"

அவள் ஓலைப்பாயில் கட்டிகளைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். நிமிரவில்லை.

"நான் என்ன செய்தனான், குஞ்சியப்பு?"

 பங்குனி போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. இராசநாயகம் இன்னும் கேட்கவில்லை. அவளும் அந்தக் குழந்தைக்குச் செய்யவில்லை.