முன்சில்லு நட்டு

சூடேறிய சைலன்சரில் மழைத்துளி விழும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் எழும். அதன் பின்னாலேயே எரிந்த எண்ணெயும் நனைந்த புழுதியும் கலந்த மணம் வரும். எனக்குப் பதின்மூன்று வயதான வருடத்தின் ஆவணியும் புரட்டாசியும் அந்த மணத்தோடுதான் கழிந்தன. என் அக்கா சுமதி மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியது அந்த இரண்டு மாதங்களில்தான்.

கப்பல்துறையில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் வேலை, இரண்டு நாள் கடலில் என்றால் ஒரு நாள் வீட்டில். ஆகவே என்னைச் சாப்பிட வைத்ததும் படிக்க வைத்ததும் அடித்ததும் அணைத்ததும் என்னிலும் பத்து வயது மூத்த அக்காதான். அவள் குடும்பநல மாதுவுக்கான பயிற்சியை முடித்து, கந்தளாய்ப் பக்கம் பிரதான வீதியை விட்டு உள்ளே கிடக்கும் நாலைந்து கிராமங்களுக்கு நியமனம் பெற்றிருந்தாள். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. அந்தப் பாதைகளில் பஸ் கிடையாது. முன்பு அங்கே வேலை பார்த்த மூத்த பெண், "மோட்டச்சைக்கிள் இல்லாம அங்க வேலை செய்ய ஏலாது பிள்ளை" என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா தன்னோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டு வந்தார். கிளச் இல்லாமல், இடக்காலால் மட்டும் கியர் மாற்றும் வகை. சீனக்குடாவில் பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காட்டின் ஓரத்தில், வாகனம் எதுவும் வராத ஒரு உடைந்த தார் ரோட்டு இருந்தது. பெரியப்பாவின் மகன் சேகர் அண்ணா, ஓட்டோ ஓடிப் பிழைப்பவர், பின்னேரங்களில் அங்கே வைத்து அக்காவுக்குப் பழக்கினார். நானும் கூடப் போவேன். முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு 'பின்பாரம்' என்ற பெயரில் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் குந்தியிருக்க.

"சுத்துற சில்லைப் பாக்காத, தூரப் பார். கண் போற இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும்" என்பார் சேகர் அண்ணா. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, மணலைக் கண்டால் ஹாண்டிலைத் திருப்பாதே என்று அவர் சொன்னவை எல்லாம் நல்ல பாடங்கள்தான். பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் பாதசைக்கிள் மிதித்த அக்காவுக்குத் தடுமாற்றம் சீக்கிரமே போய்விட்டது. ஆனால் பாதசைக்கிளில் வந்த பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. நிற்க வேண்டுமென்றால் அவளுடைய வலக்கை விரல்கள் தாமாகவே முன் பிரேக்குக்குப் போய்விடும்.

ஒருநாள் மணல் படிந்த திருப்பத்தில், ஹாண்டில் ஒருபக்கம் திரும்பியிருக்கையில், மாடொன்றைக் கண்டு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டாள். முன்சில்லு வழுக்க இருவரும் விழுந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு வாய்க்குக் கீழே நாடி கிழிந்து, சட்டையின் முன்பக்கமெல்லாம் இரத்தம். நான் கத்திய கத்தலில் காட்டுக்குள் நின்ற குரங்குகள் கலைந்து ஓடின.

"எத்தினை தரம் சொன்னனான், முன் பிரேக்கைத் தொடாத எண்டு! அது தூக்கி எறிஞ்சுபோடும். காலால மட்டும் பிடி" என்று சேகர் அண்ணா ஏசினார். அன்றிரவு சோறு தின்னும்போது அப்பாவும் அதையே சொன்னார். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அக்கா லைசன்ஸுக்கான 'ட்ரையல்' பாஸ் பண்ணினாள். ஐப்பசி பிறந்ததும் வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. முதல் நாளுக்கு முந்திய பின்னேரம், கிணற்றடியில் மோட்டார் சைக்கிளைக் கழுவும் வேலை எனக்கு. முன்சில்லின் நடுவில், பிரேக் கம்பி வந்து முடியும் இடத்தில் ஒரு சின்ன நட்டு இருந்தது. அதைத் திருகி பிரேக்கை இறுக்கவும் இளக்கவும் சேகர் அண்ணா செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரலாலேயே திருகலாம். நான் திருகினேன். கைப்பிடியை அழுத்தினால் சில்லில் எதுவுமே பிடிக்காத அளவுக்கு இளக்கிவிட்டேன். அக்கா தவறிப்போய்ப் பிடித்தாலும் இனி விழமாட்டாள் என்று எண்ணினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், 'ட்ரையல் பாஸ் பண்ணினது நானோ நீயோ' என்று சிரிப்பாள் என்ற வெட்கம்.

இரண்டரை மாதம் அவள் ஓடினாள். காலையில் வெள்ளைச் சீருடை, தலைக்கவசம், பிள்ளைகளை நிறுக்கும் தூக்குத் தராசு வைத்த பை. பின்னேரம் சேறு தெறித்த காலோடு வருவாள். இன்ன வீட்டில் இரட்டைப் பிள்ளை, இன்ன வீட்டில் பிள்ளை பாலே குடிக்குதில்லை என்று குசினி அடுப்படியில் நின்றபடியே கதை கதையாகச் சொல்வாள். அத்தனை சந்தோசமாக அவளை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மார்கழி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, பத்து நாள் குழந்தையொன்றைப் பார்க்கப் போகும் வழியில், வீதியோரம் படுத்திருந்த மாடுகள் திடீரென எழும்பிக் குறுக்கே வந்திருக்கின்றன. எதிரே நெல் ஏற்றிய உழவு இயந்திரம். காலால் பிரேக்கை மிதித்ததும் பின்சில்லு பூட்டிக்கொண்டு, நனைந்த தாரில் மோட்டார் சைக்கிள் பக்கவாட்டாக இழுபட்டு, உழவு இயந்திரம் இழுத்து வந்த பெட்டியின் சில்லுக்குள் அக்காவின் வலக்கால் போய்விட்டது.

அப்பாவும் பெரியம்மாவும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சேகர் அண்ணா மோட்டார் சைக்கிளை ஒரு சின்ன லொறியில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கிவிட்டுத் திரும்பப் போனார். வீட்டில் நான் மட்டும். ஹாண்டில் வளைந்திருந்தது, கால்மிதி முறிந்திருந்தது, முன்சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதனால் எது நடந்தது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பயம் வந்தது. குந்தியிருந்து அந்த நட்டைப் பழையபடி இறுக்கினேன். விரல் நோகும்வரை இறுக்கினேன்.

அக்காவின் காலை எடுக்கவில்லை. நாலு மாதமும் மூன்று சத்திரசிகிச்சையும் ஆனபின், முழங்கால் மடியாத காலோடு வீட்டுக்கு வந்தாள். கிராமங்களுக்குப் போகும் வேலை போய், மருந்துக் களஞ்சியத்தில் கதிரையில் இருக்கும் வேலை கிடைத்தது. பேசிக்கொண்டிருந்த கலியாணமும் சத்தமில்லாமல் ஓய்ந்தது.

அதன்பின் நான் மோட்டார் சைக்கிளில் கை வைக்கவே இல்லை. போன வருடம், அலுவலக வேலையாக இறக்கக்கண்டிப் பக்கம் அடிக்கடி போக வேண்டி வந்ததால், வேறு வழியின்றி நகரத்தில் ஒரு மைதானத்தில் பழகச் சேர்ந்தேன். பழக்கியவர் என் வயதுப் பெண். மூன்றாம் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி அவர் சொன்னார்: "முன் பிரேக்குக்குப் பயப்பிடாதைங்கோ. பிரேக் பிடிக்கேக்க பாரமெல்லாம் முன்னுக்குத்தான் வரும். உங்களை நிப்பாட்டுறதில பெரும்பங்கு முன்சில்லுதான். ஹாண்டில் நேரா இருக்கவேணும், ரெண்டையும் சேத்து, மெல்ல மெல்ல இறுக்கவேணும். பின் பிரேக்கை மட்டும் மிதிச்சா, மழை ரோட்டில சறுக்கிக்கொண்டுதான் போவீங்கள்."

பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பஸ் ஏறிக் கப்பல்துறைக்குப் போனேன்.

அக்கா காலை நீட்டியபடி வாசல் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இளக்கியதை, பிறகு இறுக்கியதை. அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்டைக்கு நான் அதைப் பிடிச்சுப் பாத்தனான்" என்றாள். "கால் பிரேக் இழுத்துக்கொண்டு போகேக்க, எல்லாரும் தொடாத எண்டு சொன்னதால வேலைக்குப் போன நாள் துவக்கம் தொடாமலே ஓடினனான், அண்டைக்கு மறந்து பிடிச்சனான். கைக்குள்ள ஒண்டுமே இல்லை. வெறுமையாக் கிடந்தது."

"அக்கா..."

"ஆஸ்பத்திரியால வந்த கிழமை, பின்னுக்குப் போய் திரும்பப் பிடிச்சுப் பாத்தன். நல்ல இறுக்கமா இருந்தது. அப்பதான் விளங்கினது. அந்தச் சைக்கிளைக் கழுவினது நீ மட்டும்தானே."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"அப்பாவுக்குச் சொன்னா அந்தாள் உன்னைத் திரும்பிப் பாக்காது. உன்னை..." அவள் முற்றிய தண்டொன்றை ஒடித்து எறிந்தாள். "நீயா வந்து சொல்லுவாய் எண்டு இருந்தனான். ஒரு வருசம், ரெண்டு வருசம் இருந்தனான். பிறகு விட்டிட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழும்பி உள்ளே போனாள்.

இன்று அந்தத் தாங்கிக் காட்டு ரோட்டுக்குப் போக ஏலாது, வேலி அடைத்திருக்கிறார்கள். அப்பா இல்லை. சேகர் அண்ணா கட்டாரில். மோட்டார் சைக்கிளை எப்போதோ பழைய இரும்புக்காரர் ஏற்றிப் போய்விட்டார். நான் ஞாயிறுகளில் அக்காவிடம் போகிறேன், அவள் சோறு போடுகிறாள், என் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறாள். அவள் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அந்த முதல் வருடங்களில், நான் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றியதும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "என்ன பிள்ளை, எனக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்பாள். "ஒண்டுமில்லை அக்கா" என்பேன். ஒவ்வொரு நாளும் கேட்டாள். அந்தக் கேள்வி எந்த நாளோடு நின்றதென்று எத்தனை யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.