ஷெனாய் வாசித்த ஞாயிறு

நாம் சங்ககிரியில் குடியிருந்தபோது தெருவிலேயே நம் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. நீங்கள் அப்போது கைக்குழந்தைகள். ஞாயிறு காலை இந்தி நாடகம் போடுவார்கள். லாரியோடு வடக்கே போய் வந்தவன் என்பதால் எனக்கு இந்தி தெரியும் என்று தெரு நம்பியது. டீசல் போடவும் ரொட்டி கேட்கவும் மட்டுமே ஆகும் இந்தி அது. நான் அதைச் சொல்லவில்லை.

பின்னணி வாத்தியத்தைக் கேட்டே கதை சொன்னேன். புல்லாங்குழல் வந்தால் சமாதானம். தபேலா வேகமெடுத்தால் சண்டை.

"ஏனுங்க, அவங்க அத்தன நேரம் பேசுனாங்க, நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டீங்க?" என்பாள் உங்கள் அம்மா.

"இந்திக்காரங்க நீட்டி முழக்குவாங்க புள்ள."

எதிர்வீட்டு அக்கா முன்னால் உட்காருவார். அவர் மகன் போர்வெல் லாரியில் வடக்கே போய் மாதக்கணக்கில் கடிதமில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடிவருவார். நாடகத்திலும் ஒரு மகன் வீட்டைவிட்டுப் போயிருந்தான். "நம்ம பையன் என்ன சொல்றான் சாமி?" என்றே கேட்பார்.

ஒரு ஞாயிறு படம் முழுக்கப் புள்ளி. கூட்டமும் மாலைகளும், கண்ணைத் துடைக்கும் தாயுமாக மங்கலாகத் தெரிந்தது. ஷெனாய் எழுந்தது. நம் சினிமாவில் ஷெனாய் என்றால் சாவுதானே?

"பையன் போய்ட்டானுங்க அக்கா" என்றேன்.

"சோறு வடிக்கோணும்" என்று எழுந்து போனவர் அடுத்த வாரம் வரவில்லை. அன்று படம் தெளிவாக இருந்தது. அந்த மகன் புது மனைவியோடு நின்று சிரித்தான். வடக்கே கல்யாணத்துக்கு ஷெனாய்தான் வாசிப்பார்கள். வழியில் எத்தனையோ ஊர்வலங்களில் காதாரக் கேட்டவன்தான் நான்.

எதிர்வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, பையன் உசுரோட இருக்கானுங்க! கல்யாணமாயிருச்சு!"

"செத்துட்டான்னு சொன்னதும் நீதான சாமி?"

எனக்கு இந்தி தெரியாதுங்க என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நாடகத்துல மாத்திட்டாங்க" என்றேன்.

"செத்தவனயா மாத்துவாங்க?" என்று முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் மகன் பொங்கலுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தான். அதுவரை தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நான்தான் வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.